எழுதி முடிந்ததும் எறியவும்

செட்டிபாளையம்
06.11.2023

தட்சாவுக்கு,

நான் நலம், நீ நலமா என்று தொடங்கும் கடிதம் இல்லை இது. நான் நலமில்லை. நீயும் நலமாக இருக்கக் கூடாது என்பதுதான் இப்போதைக்கு என் விருப்பம்.

கேதீஸ்வரி அக்காவின் போனுக்கு நீ இரண்டு தரம் எடுத்தாயாம். "ஒள்ளுப்பம், ரெண்டு சொல்லாவது கதையன்டா தம்பி, அவள் அழுறாள்" என்று அக்கா போனை என் காதுக்குள் திணிக்கப் பார்த்தாள். நான் எழும்பி வளவுக்குள் போய்விட்டேன். போனில் கதைத்தால் நான் கத்துவேன், நீ வெட்டிவிடுவாய், நான் திரும்ப எடுத்துக் கத்துவேன். எழுதினால் கத்த முடியாது, கை வலிக்கும். அதனால் எழுதுகிறேன். என் போனை உன் வீட்டு மேசையில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். ஆட்டோச் சாவியும் பக்கத்தில் கிடக்கும்.

உன் வீடு என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். நம்முடைய பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தவன் பெண்ணின் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும், சண்டை வந்தால் பையைத் தூக்குகிறவனும் அவன்தான். பதினாறு வருஷமாக அது என் வீடும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த மடையன் நான். அன்றைக்கு மாமி வாசலில் நின்றா. உன் தம்பி ரதீஸ் படலையை மறித்துக்கொண்டு நின்றான். நீ என் சட்டைக் கையை மடித்து, முழங்கை மடிப்பில் ஊசித் துளை தேடினாய். அப்போதுதான் அது யாருடைய வீடு என்று எனக்கு விளங்கியது.

மாமி குளியலறை யன்னலில் இருந்து எடுத்து வந்து மேசையில் பரப்பியது என்ன? இரண்டு சிறிஞ்ச். சின்னப் போத்தலில் கறுத்த தண்ணீர். பஞ்சு. சைக்கிள் ரியூபில் வெட்டிய ரப்பர் பட்டி. "மாதர் சங்கக் கூட்டத்தில பொலிஸ்காரர் படம் போட்டுக் காட்டின சாமான் முழுக்கக் கிடக்கு" என்றா. தூள் பாவிக்கிறவன் அந்தப் பட்டியைக் கையில் கட்டுவானாம். நான் பேனையின் நிப்பைப் பிடித்து இழுப்பதற்கு வைத்திருந்தேன். அது பேனைக்கு மை நிரப்புகிற சாமான் என்று சொன்னேன். "எறியிற பேனைக்கு ஆராவது மை அடிப்பாங்களா?" என்று ரதீஸ் கேட்டான். நான் அவனுக்குச் சொல்லவில்லை, உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ கேட்டுக்கொண்டிருக்கவில்லை, என் கையைப் பிடித்தாய்.

குடித்துவிட்டு வேலிக்கு மேலால் விழுந்த காலத்திலும் நீ என்னை அப்படிப் பார்த்ததில்லை. குடியை விட்டு இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தாய். அதுதான் வயிறு எரிகிறது.

இனி விஷயம். சட்டைப் பையில் என்னோடு வந்தது ஒரே ஒரு பேனை. குழல் கண்ணாடி மாதிரி என்பதால் மை எவ்வளவு மிச்சம் என்று வெளியிலேயே தெரிகிறது. சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கிறது. இங்கே கடைகளில் மைப்போத்தல் கேட்டால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். ஆகவே சிறிஞ்ச், மைப்போத்தல், மற்றப் பேனைகள், பட்டி, சின்னக் குறடு எல்லாவற்றையும் தபாலில் அனுப்பு. வேறொன்றும் வேண்டாம்.

நான் திரும்பி வர வேண்டுமென்றால், மாமிக்கும் ரதீசுக்கும் முன்னால் நீ சொல்ல வேண்டும். பார்த்தது பிழை, இனி ஒருநாளும் பார்க்கமாட்டேன் என்று. சொல்லிவிட்டு எழுது.

ஜெயரூபன்


தன்னாமுனை
10.11.2023

பிரஷாவின் அப்பாவுக்கு,

நான் நலமாக இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். இருக்கவில்லை. சந்தோசப்படுங்கள்.

நீங்கள் போன மறுநாள் காலை பிரஷாந்தி ரியூசன் முடிந்து வந்தாள். நடந்ததைக் கேட்டாள். புத்தகப் பையைத் திறந்து நீலப் பேனை ஒன்றை எடுத்து மேசையில் அடித்தாள். "இதுவும் அப்பா நிரப்பித் தந்ததுதான். என்ட கையையும் பாருங்க" என்று இரண்டு கையையும் நீட்டினாள். அன்றிலிருந்து என்னோடு சோறு போடச் சொல்கிற அளவுக்குத்தான் கதைக்கிறாள். ஆகவே நீங்கள் சொன்னது உண்மை என்று எனக்கு அப்போதே தெரியும். அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நீங்களும் ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். பேனைக்கு மை விடுகிற மனிதர் ஏன் கதவைப் பூட்டிக்கொண்டு விட வேண்டும்? அரை மணித்தியாலம் உள்ளே இருப்பீர்கள். தண்ணீர்ச் சத்தம் கூட இருக்காது. வெளியே வரும்போது நெற்றி வேர்த்திருக்கும். "வயிறு சரியில்ல புள்ள" என்பீர்கள். நானும் சீரகம் அவித்துத் தருவேன். எத்தனை நாள் உங்கள் பேனைக்குச் சீரகம் அவித்தேனோ தெரியாது.

நான் ஒரு தாதி. அந்த ரப்பர் பட்டியைக் கண்டதும் கை தானாகப் போனது. மூளை பின்னாலேதான் போனது. அது பிழை என்றால் பிழைதான்.

சாமான் ஒன்றும் அனுப்பமாட்டேன். எல்லாம் உங்கள் அலுமாரிக்குள் இருக்கிறது. வேண்டுமென்றால் வந்து எடுங்கள். மட்டக்களப்புக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். நீங்கள் ஒன்றும் குவைத்தில் இல்லை.

ஆட்டோ மழையில் நிற்கிறது. பற்றரி இறங்கிவிட்டது. ரதீஸ் தள்ளிப் பார்த்தான், அசையவில்லை. அம்மாவின் கோழி பின் சீற்றில் முட்டையிடத் தொடங்கியிருக்கிறது. அம்மாவைப் பற்றிக் கேட்டால் சிரிப்பீர்கள். யன்னலில் இருந்து அந்தச் சாமானைத் தூக்கி வந்தவ அவதான். இப்போது, "அந்த மனிசனை இவள்தான் துரத்திப்போட்டாள்" என்று அயலுக்குச் சொல்லித் திரிகிறா.

கடைசியாக ஒன்று. பொழுதுபட்டால் கேதீஸ்வரி மச்சியின் மனிதர் கள்ளுப் போத்தலோடு முற்றத்தில் இருப்பார். அந்த நேரம் நீங்கள் எங்கே இருப்பீர்கள்? இதையும் நான் கேட்கக் கூடாதென்றால் எழுதுங்கள், கேட்கவில்லை.

தக்ஷாயினி


செட்டிபாளையம்
14.11.2023

தட்சா,

கேட்டுவிட்டாய். இவ்வளவு தூரத்தில் இருந்தும் சட்டைக் கையை மடிக்கிறாய். உன்னோடு என்ன செய்வது?

பொழுதுபட்டதும் நான் வாவிக் கரைக்கு நடந்துவிடுவேன். அத்தானின் தோணி அங்கே கட்டியிருக்கிறது. அதில் ஏறி இருப்பேன். நுளம்பு பிடுங்கும். எழும்பிக் கடற்கரைக்குப் போவேன். அங்கே காற்று, நிற்க ஏலாது. திரும்பவும் வாவிக்கு வருவேன். இரண்டுக்கும் நடுவில் ஊர் ஒடுங்கிக் கிடப்பதால் நான் போய்வருவதை எல்லோரும் பார்க்கிறார்கள். "தம்பி என்னத்தைத் தேடுறார்?" என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வர, அத்தான் முற்றத்தில் இருப்பார். "வா மச்சான், இரி" என்பார். நான் உள்ளே போய் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு உட்காருவேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு வரி. மை போய்விடுமே என்று சிக்கனமாக எழுதுகிறேன்.

கதவை ஏன் பூட்டினேன் என்று கேட்டாய். சொல்கிறேன். சிரிக்காதே.

குடியை விட்ட புதிதில் என் கை நடுங்கியது உனக்குத் தெரியாது. ஆட்டோவில் ஹாண்டிலைப் பிடித்திருந்தால் அது தெரியாது. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தால் தெரியாது. அந்த மாதம்தான் மட்டக்களப்பு ரவுனில் ஒரு புத்தகக் கடையில் பழைய சரக்கைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். மைப்பேனை ஒரு பெட்டி, வாங்குவாரில்லை. பெட்டியில் "எழுதி முடிந்ததும் எறியவும்" என்று போட்டிருந்தது. ஆட்டோ ஸ்ராண்டில் ஆள் வரும்வரைக்கும் பேப்பரில் குறுக்கெழுத்துப் போடுவதற்கு வாங்கினேன். முதல் பேனை முடிந்தது. நிப் புதிது போல இருக்கிறது, அதன் அடியில் மை இறங்குகிற நாக்கு நல்லாக இருக்கிறது, குழலில் ஒரு கீறல் இல்லை. மை இல்லை, அவ்வளவுதான். அதற்காக எறியச் சொல்கிறார்கள். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. அந்த நேரம் என்னையும் கொஞ்சப் பேர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நிப்பைப் பட்டியால் சுற்றிக் குறடால் நேராக இழுக்க வேண்டும். சரித்தால் உடையும். பிறகு சிறிஞ்சால் மையை மெதுவாக விட வேண்டும். மேலே ஒள்ளுப்பம் இடம் விட வேண்டும், இல்லையென்றால் நிப்பைத் திரும்பச் செருகும்போது மை பீறிக்கொண்டு வரும். நடுங்குகிற கையால் இதைச் செய்து பார். முதல் நாள் குளியலறைத் தரை முழுக்க நீலம். உரசிக் கழுவினேன். அடுத்த கிழமை பாதி சிந்தியது. பிறகு குறைந்தது. ஒரு சொட்டும் சிந்தாமல் நிரப்பினால், இன்றைக்குக் குடிக்காமல் இருந்துவிடுவேன் என்று எனக்கு நம்பிக்கை வரும். நிரம்பியிருந்த பேனையையும் சில நாள் வெறுமையாக்கித் திரும்ப நிரப்பியிருக்கிறேன். கை நடுங்குவதை நீ பார்க்கக் கூடாது என்றுதான் கதவைப் பூட்டினேன். வேறொன்றும் இல்லை.

இப்போது சிறிஞ்சும் இல்லை, மையும் இல்லை. கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. அக்காவின் வேலி முழுக்க நான்தான் கட்டினேன். கட்டி முடித்துவிட்டு அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். எனக்குப் பயமாக இருக்கிறது தட்சா. ஒன்று சொல்ல வேண்டும். உன்னை நான்

மை முடிந்துவிட்டது. இது அக்காவின் மகளுடைய பென்சில். சொல்ல வந்தது போய்விட்டது.

ஜெயரூபன்


தன்னாமுனை
18.11.2023

பிரஷாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வார்ட்டில் வைத்து வாசித்தேன். ஊசி போட வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. பெரிய மிஸ் ஏசினா. ஏசட்டும்.

உங்கள் கை நடுங்கியது எனக்குத் தெரியாது. ஒரே பாயில் படுக்கிறவளுக்குத் தெரியவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். குளிருக்கு என்று நினைத்தேன். மட்டக்களப்பில் என்ன குளிர்? இதை நினைத்து நினைத்து மூன்று நாளாக எனக்கு ஒரு வேலை ஓடவில்லை.

நானும் ஒன்று சொல்கிறேன். போன வருஷம் எங்கள் வார்ட்டுக்கு ஒரு இளம் மனிதரைக் கொண்டு வந்தார்கள். இரண்டு கையும் ஊசிப் புண். காப்பாற்ற முடியவில்லை. அவருடைய மனைவி என்னைவிடச் சின்னவள். "தெரியாதா தங்கச்சி?" என்று கேட்டேன். "நீட்டுக் கைச் சட்டையோடேதான் படுப்பார் மிஸ். தூக்கிப் பாக்க வெக்கமா இருந்திச்சி. சந்தேகப்படுறாள் எண்டு நினைப்பார் எண்டு விட்டுட்டன்" என்றாள். அவளை நான் மறக்கவில்லை. அன்றைக்கு மேசையில் அந்தச் சாமான்களைக் கண்டபோது எனக்குத் தெரிந்தது உங்கள் முகம் இல்லை, அவளுடைய முகம். இதை உங்களிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வது? நீங்கள் பையைத் தூக்கிவிட்டீர்கள்.

சாமான்களை அனுப்புவோம் என்று பொட்டலம் கட்டினேன். தபாற்கந்தோர் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து அவிழ்த்துவிட்டேன். ஏன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். எல்லாம் அங்கே வந்துவிட்டால் நீங்கள் அங்கேயே இருந்துவிடுவீர்கள் என்று பயம். மைதான் உங்களை இழுத்து வர வேண்டும் போலிருக்கிறது, நான் போதாது.

அம்மாவுக்கும் ரதீசுக்கும் முன்னால் சொல்வது பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவன் எனக்குத் தம்பி. அவனுக்கு முன்னால் தலை குனிய எனக்கு வரவில்லை. அவகாசம் தாருங்கள்.

"உன்னை நான்" என்று நிறுத்தியிருந்தீர்கள். பென்சிலாலாவது அதை முடித்து எழுதுங்கள்.

தட்சா


செட்டிபாளையம்
21.11.2023

தட்சா,

இது என்ன நிறம் என்று யோசிக்காதே. அக்காவின் பிள்ளைகளுடைய பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்குப் போடுகிற நீலம். தண்ணீரில் கரைத்து, சீலைத் துண்டால் வடித்து, அத்தானின் காதுமருந்துப் போத்தலில் இருந்த சொட்டுக்குழலால் பேனைக்குள் விட்டேன். குறடு இல்லை, நிப்பைப் பல்லால் இழுத்தேன். வாய் முழுக்க நீலம். அக்கா என் உதட்டைப் பார்த்துவிட்டு, பாம்பு கடித்துவிட்டது என்று ஊரைக் கூட்டினாள். நாலு வீட்டுச் சனம் வந்து என் காலில் கடிவாய் தேடியது. உனக்குச் சிரிப்பு வரும் என்றுதான் எழுதுகிறேன்.

பென்சிலால் எழுதலாம்தான். பென்சிலால் இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அன்றைக்குக் காலையில் இருந்து மழை. வெளியே நடக்க வழியில்லை. அத்தான் ..........................

.......... நண்டு .................... கிளாஸ் ..........

.............................. யாரும் ....................

.................... நான் .............................. தட்சா ..........

.......... இதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. நீ என்ன முடிவு எடுத்தாலும் சரி.

ஜெயரூபன்


தன்னாமுனை
25.11.2023

பிரஷாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நனைந்து வந்தது. இந்த மழையில் தபால்காரரைக் குறை சொல்ல முடியாது. முதல் பக்கம் பிழைத்தது. இரண்டாம் பக்கம் முழுக்க நீல வெள்ளம். வெயில் இல்லாததால் அடுப்புக்கு மேலே பிடித்துக் காயவைத்தேன். நண்டு, கிளாஸ், யாரும், 'நான்', என் பெயர், இவ்வளவுதான் மிஞ்சியது. கடைசியில் "நீ என்ன முடிவு எடுத்தாலும் சரி".

எதைப் பற்றி நான் முடிவெடுக்க வேண்டும்? இதை வைத்துக்கொண்டு ஒரு பெண் எப்படி நித்திரை கொள்வது? கேதீஸ்வரி மச்சிக்குப் போன் எடுத்தேன். "அவன் நல்லா இரிக்கான், வேலி கட்டுறான்" என்கிறா. சட்டைக்குப் போடுகிற நீலம் தண்ணீரில் போகும் என்று உங்களுக்குத் தெரியாதா? எங்கள் வீட்டில் உடுப்புத் துவைக்கிறது நீங்கள்தானே. வேண்டுமென்றே அதால் எழுதினீர்களா என்று கூட ஒரு நினைப்பு வந்தது. வந்ததை மறைக்கவில்லை.

அந்தக் கோபத்தோடேதான் அலுமாரியைத் திறந்தேன். சிறிஞ்ச், பட்டி, குறடு, மைப்போத்தல் எல்லாவற்றையும் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அம்மாவைக் கூப்பிட்டேன். ரதீசையும் போன் எடுத்து வரச் சொன்னேன். பிரஷா சொல்லிச் சொல்லித் தந்தாள், நான் நிரப்பினேன். பிறந்த பிள்ளையின் கையிலேயே நரம்பு பிடிக்கிறவள் நான். என்னால் முடியவில்லை. முதல் பேனையில் இடம் விட மறந்துவிட்டேன். நிப்பைச் செருகியதும் மை பீறி அம்மாவின் வெள்ளைச் சீலையில் தெறித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்படியே சொன்னேன். "அவர் சொன்னது உண்மை. நான் நம்பாமல் அவர் கையைப் பார்த்தது பிழை. இனி ஒருநாளும் பார்க்கமாட்டேன்." ரதீஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மா சீலையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "இந்த ஒரு சொட்டு மைக்காகவா மனே நாம அந்த மனிசனை வெளியில விட்டது?" என்றா. மறுநாள் ரதீஸ் பற்றரியைக் கழற்றிக்கொண்டு போய்ச் சார்ஜ் போட்டு வந்தான். கோழிக்கு வேறு பெட்டி வைத்தாயிற்று.

இதோடு ஒரு பேனை வருகிறது. சிறிஞ்ச் வராது. மை கசியாமல் இருக்க வார்ட்டுக் கையுறையின் ஒரு விரலை வெட்டி அதற்குள் வைத்திருக்கிறேன். மூன்றாவது தரம் நிரப்பியது, சிந்தவில்லை. தண்ணீர் பட்டாலும் போகாத உங்கள் மைதான்.

நீங்கள் கேட்டதைச் செய்துவிட்டேன். அழிந்துபோன பக்கத்தில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது. நீங்கள் திரும்ப எழுதலாம். எழுதாமல் ஒரு பஸ்ஸில் ஏறி வந்தும்விடலாம், நான் கேட்கமாட்டேன். இந்த வரியை இரண்டு தரம் எழுதி வெட்டினேன். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

என் பத்து விரலும் நீலம். இதோடேதான் நாளைக்கு டியூட்டி.

தட்சா


செட்டிபாளையம்
29.11.2023

என் தட்சாவுக்கு,

பேனை வந்தது. கையுறை விரலைக் கண்டு அத்தான் என்னவோ ஏதோ என்று சிரித்தார். நான் அதை எடுத்துக்கொண்டு தோணிக்குப் போய் இருந்தேன். குழலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். மேலே சரியாக ஒள்ளுப்பம் இடம் விட்டிருந்தாய். எனக்கு அழுகை வந்தது.

மாமிக்கு முன்னால் நீ சொன்னதை வாசித்த நிமிஷமே பஸ்ஸுக்கு ஓடியிருக்கலாம். பையும் கட்டினேன். வருமுன் உனக்கு எழுத ஒரு பொய்யும் தயாராக இருந்தது. அத்தான் பிடித்த நண்டுக் கறி பற்றித்தான் அந்தப் பக்கத்தில் எழுதினேன், வேறொன்றும் இல்லை என்று. நண்டு, கிளாஸ், யாரும், எல்லாம் அதற்குள் பொருந்தும். நீயும் நம்பியிருப்பாய். இனி என் கையைப் பார்க்கமாட்டேன் என்று வேறு சொல்லிவிட்டாய். ஆனால் பொய்யை எழுதுவதற்கு நீ நிரப்பிய பேனையைத் திறக்க என்னால் முடியவில்லை. பையை அவிழ்த்தேன்.

நான் குடித்தேன் தட்சா. அந்த ஞாயிற்றுக்கிழமை. மழை விடவில்லை. உன் பதினெட்டாம் திகதிக் கடிதம் இன்னும் வந்துசேராத நாள், எழுதவும் மையில்லாத நாள். அத்தானின் கூட்டாளிகள் இரண்டு பேர் வந்தார்கள். நண்டுக் கறி. அத்தான் கேட்கவில்லை, எனக்கு முன்னால் ஒரு கிளாஸை வைத்தார். அவர் மேல் குற்றமில்லை, எடுத்தது என் கை. ஒன்று குடித்தேன், பிறகு இன்னொன்று.

குடித்துவிட்டுக் காத்திருந்தேன். யாராவது கத்துவார்கள் என்று. இரண்டு வருஷம் விட்டவன் தொட்டுவிட்டான், வானம் இடிய வேண்டாமா? அக்கா சோறு போட்டாள். "இன்னும் கறி விடவா தம்பி?" என்றாள். பிள்ளைகள் ரிவி பார்த்தார்கள். அத்தான் ஏதோ பகிடி சொன்னார். யாரும் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அங்கே இருக்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. நான் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அந்த வீட்டில் ஒன்றும் குறையாது, அவ்வளவுதான். அப்படி ஒரு தனிமை எனக்கு என் வாழ்நாளில் வந்ததில்லை.

மறுநாள் கை பழையபடி நடுங்கியது. பல்லால் நிப்பை இழுத்தேன் என்று பகிடியாக எழுதினேனே. பல்லால் இழுத்ததற்குக் காரணம் குறடு இல்லாததும்தான், கை நடுங்கியதும்தான். அதற்குப் பிறகு தொடவில்லை. இதை நம்பு என்று கேட்க எனக்கு வாயில்லை.

நீலத்தால் எழுதினால் தண்ணீரில் போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேனா என்று நீ கேட்டாய். வேண்டுமென்று நனைக்கவில்லை. ஆனால் உறையை ஒட்டும்போது வெளியே மழை பெய்துகொண்டிருந்தது, நான் பொலித்தீன் போடவில்லை. அதற்கு என்ன பெயர் வைப்பாயோ, வை.

"உன்னை நான்" என்று நின்ற வரியை முடிக்கிறேன். உன்னை நான் விட்டுவிட்டு வந்திருக்கக் கூடாது.

வரவா, வேண்டாமா? நீ சொல்வதுதான்.

ஜெயரூபன்


தன்னாமுனை
02.12.2023

பிரஷாவின் அப்பாவுக்கு,

வாசித்தேன். முதல் தரம் வாசித்துவிட்டுக் கிழிக்கப் போனேன். நல்ல மையை நானே அனுப்பி, நானே வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்று ஆத்திரம். இரண்டு வருஷத்தைக் கொண்டுபோய் அந்த முற்றத்தில் கொட்டியிருக்கிறீர்கள். உங்களை நினைத்தால் அடிக்க வேண்டும் போல இருக்கிறது. இதை எழுதும்போதும் அப்படித்தான்.

பிறகு இன்னொரு தரம் வாசித்தேன். நீங்கள் சொல்லாமல் விட்டிருக்கலாம். வழியையும் நானே திறந்து வைத்திருந்தேன். நீங்கள் அந்த வழியால் வரவில்லை. அதை மட்டும் பிடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

வாருங்கள். புதன்கிழமை எனக்கு நைட், நான் வேலைக்குப் போயிருப்பேன். அம்மா கதவு திறப்பா, ஒன்றும் கேட்கமாட்டா. நான் சொன்ன வாக்கு வாக்குத்தான், உங்கள் கையைப் பார்க்கமாட்டேன். அதற்குப் பயந்து நிற்க வேண்டாம்.

வரும்போது உங்கள் அத்தானுக்குப் புதிதாகக் காதுமருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

தட்சா


தன்னாமுனை, சாப்பாட்டு மேசை
06.12.2023

தட்சா,

வந்துவிட்டேன். தபாலுக்குக் கொடுக்க வேண்டியதில்லை, இதை உன் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைக்கிறேன். காதுமருந்து வாங்கிக் கொடுத்தாயிற்று.

மாமிதான் கதவைத் திறந்தா. நீ சொன்னபடி ஒன்றும் கேட்கவில்லை. நான் பையை இறக்கி வைத்துவிட்டு, சட்டைக் கை இரண்டையும் நானே மடித்து அவவுக்கு முன்னால் நீட்டினேன். அவ பதறிப்போனா. "என்ன மனே இது, ஒண்ணா, ஒண்ணா, காட்ட வேணாம்" என்றா. நான் கையை எடுக்கவில்லை. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து வடிவாகப் பார்த்தா. "நீலமாக் கிடக்கு. போய்க் கழுவிட்டுச் சாப்பிடுங்க" என்று சவர்க்காரம் எடுத்துத் தந்தா.

பிரஷா ஒரு மணித்தியாலமாகக் கதைத்துவிட்டு இப்போதுதான் படிக்கப் போனாள். சிறிஞ்சும் போத்தலும் மேசையிலேயே இருக்கிறது. இனி இங்கேதான் இருக்கும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பேனை நிரப்பினேன். இரண்டு சொட்டுச் சிந்தியது. நீ விடிய வந்து பார்க்க வேண்டும் என்று துடைக்காமல் விட்டிருக்கிறேன்.

ஒன்றே ஒன்று. மாமிக்கு முன்னால் நீ கொடுத்த வாக்கை நான் திருப்பித் தருகிறேன். கேட்டு வாங்கியவன் நான்தான், எனக்கு அது வேண்டாம். யாரும் பார்க்காத வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டேன்.

நீ வரும்போது நான் நித்திரையாக இருப்பேன். எழுப்ப வேண்டாம். முழங்கை மடிப்பு மேலே தெரியக் கையைத் திருப்பி வைத்துத்தான் படுக்கிறேன்.

ஜெயரூபன்